ஒரு பொட்டலம் புளியோதரையும் எண்பது ரூபா சாப்பாடும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது பக்திக்கு எதிரான பதிவு இல்லை. அண்ணாமலையார் மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது. அவருக்கும் என் மேல இல்லைன்னு நம்பறேன் :-) கோவமெல்லாம் நம்ம மேலதான், அதுலயும் முக்கியமா என் மேல. ஆனா படிச்சு முடிக்கறதுக்குள்ள உங்கள்ல சில பேருக்கு என் மேல கோவம் வரும். வரட்டும். திட்டறவங்க திட்டலாம், ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.

விஷயம் இதுதான். பௌர்ணமி அன்னிக்கு கிரிவலப் பாதையில நின்னுக்கிட்டு, வர்றவங்க போறவங்க கையில எல்லாம் சோத்துப் பொட்டலத்தைத் திணிக்கறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஒரு சாதாரணக் கிழமையில நாலு நண்பர்களோட போய் மலையைச் சுத்துங்க. பசிச்சா அந்த ஊர்க் கடையில உக்காந்து, காசு குடுத்து சாப்பிடுங்க. தானம் பண்ணியே ஆகணும்னா அதுக்கும் வழி இருக்கு, கடைசில சொல்றேன்.

அப்பாடா, சொல்லிட்டேன். இனி கதைக்கு வரேன்.

போன தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. நாங்க நாலு பேர். நான், ஒரு ஆடிட்டர், ரிட்டயர் ஆன பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், அப்புறம் லீட்ஸ்காரன். இவன் பன்னெண்டு வருஷமா இங்கிலாந்துல குப்பை கொட்டறவன், லீவுக்கு வந்திருந்தான். கார்ல போய் அடி அண்ணாமலையில வண்டியை நிறுத்திட்டு அங்கேருந்தே நடக்க ஆரம்பிச்சோம். ராஜகோபுரத்துல ஆரம்பிக்கலையான்னு எங்க அத்தை ஃபோன்ல சண்டை. எங்க ஆரம்பிக்கறோமோ அங்கேயே முடிக்கணும், அவ்ளோதான் கணக்குன்னு வாத்தியார் சமாதானம் சொன்னார். உண்மையான காரணம் வேற. டவுன்ல கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஹிஹி.

காலங்காத்தால அடி அண்ணாமலையை நீங்க பார்க்கணும். ஊர் மலைக்கு மேற்கால இருக்கறதால, சூரியன் மலைக்குப் பின்னாலேருந்து ஏறி வரணும். மத்த இடமெல்லாம் வெளிச்சமான பிறகும் இந்த ஊர் மலையோட நிழல்லயே கொஞ்ச நேரம் கிடக்கும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் வாசல்ல ஒரு பாட்டி கோலம் போட்டுக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல மாணிக்கவாசகர் கோயில். அவர் திருவெம்பாவை பாடினது இந்த மண்ணுலதான்னு சொல்லுவாங்க. பால்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி எங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இன்னிக்கு இன்னா விசேசம் சார்?"னு கேட்டார். ஒண்ணுமில்லீங்க, சும்மா நடக்க வந்தோம்னோம். அவர் நம்பலை.

வாயு லிங்கம், சந்திர லிங்கம், குபேர லிங்கம். இடுக்குப் பிள்ளையார்கிட்ட ஆடிட்டர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'சிக்கிக்கிட்டா தீயணைப்பு வண்டிதான் வரணும்'னு வெளியிலேருந்தே கும்பிட்டுட்டு வந்துட்டார். ஈசான்ய லிங்கம் தாண்டி டவுன். ராஜகோபுரத்துக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு டீ. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், செங்கம் ரோட்டுல ரமணாசிரமம், எம லிங்கம். அங்கேருந்து வலது பக்கம் திரும்பினா வண்டிச் சத்தம் குறைஞ்சு காடு தெரிய ஆரம்பிக்கும். நிருதி லிங்கம், சூரிய லிங்கம், வருண லிங்கம். ஒவ்வொரு திருப்பத்துலயும் மலை வேற வேற உருவம் காட்டிக்கிட்டே வருது. மொத்தம் 14 கிலோமீட்டர். ரோட்டுக்கு இடது பக்கமாவே நடக்கணும், மலைப் பக்கம் சித்தருங்க நடக்கற வழின்னு ஐதீகம். அதையும் ஒழுங்கா செஞ்சோம். பேசிக்கிட்டே நடந்தோம், பேசாமலும் நடந்தோம். வாத்தியாருக்கு முட்டி வலி, அதனால நாலு இடத்துல உக்காந்தோம். பன்னெண்டரைக்கு மறுபடி அடி அண்ணாமலை. காலையில குடிச்ச டீயைத் தவிர வயித்துல ஒண்ணுமில்லை. பசின்னா அப்படியொரு பசி.

அங்க ஒரு கடை. கடைன்னா பேர்ப்பலகை கூட கிடையாது. வீட்டு முன்னாடி தகரக் கொட்டாய், நாலு பெஞ்சு, மண் தரை, மூலையில ஒரு தண்ணிக் குடம். ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் நடத்தறாங்க. காலையில இட்லியும் மல்லாட்டை சட்னியும், மத்தியானம் சாப்பாடு. எண்பது ரூபா. வாழை இலை போட்டு சாம்பார், கத்திரிக்கா வத்தக்குழம்பு, ரசம், முருங்கைக்கீரைப் பொரியல், அப்பளம், மோர். சாப்பாட்டைப் பத்தி நான் வர்ணிக்கப் போறதில்லை. ஆடிட்டர் மூணாவது தடவை குழம்பு கேட்டப்போ அந்த அக்கா சிரிச்ச சிரிப்பு போதும்.

லீட்ஸ்காரன் அப்பதான் ஆரம்பிச்சான். "மச்சி, அங்கயும் இதேதான்டா. ஞாயித்துக்கிழமை நாலு பேர் சேர்ந்து கிராமத்துப் பக்கம் நடக்கப் போவோம். வயக்காட்டுக்கு நடுவுல எல்லாம் நடைபாதை இருக்கும். நிலம் தனியாருக்குச் சொந்தமா இருந்தாலும் அந்தப் பாதையில நடக்கறதுக்கு ஜனங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் சேத்தை மிதிச்சுட்டு, கடைசில அந்த ஊர்ல இருக்கற பப்புல போய் உக்காந்து மத்தியானம் சாப்பிடுவோம். நடக்கறதே அதுக்குத்தான்னு கூட வெச்சுக்க."

பப்புன்ன உடனே ஆடிட்டர் நிமிர்ந்து உக்காந்தார். "யோவ், இங்க டாஸ்மாக்ல போய் உக்காந்தா ஞானம் வேற மாதிரி வரும்"னு வாத்தியார் அவரை அடக்கினார் :-)

ஆனா லீட்ஸ்காரன் அதுக்கப்புறம் சொன்னதுதான் முக்கியம். பப்புன்னா அங்க குடிக்கிற இடம் மட்டும் இல்லையாம். சின்ன ஊர்கள்ல அதுதான் டீக்கடை, அதுதான் திண்ணை, அதுதான் ஊர்ப் பஞ்சாயத்து. அந்த மாதிரிக் கடைங்க வரிசையா மூடிக்கிட்டு வருது. நடக்கப் போறவங்க குடுக்கற ஞாயித்துக்கிழமைக் காசுலதான் சில கடைங்க உயிரோட இருக்கு. "நடந்துட்டு கையில கொண்டுபோன ரொட்டியைத் தின்னுட்டு வந்துட்டா, அந்த ஊருக்கு நாம போனதுக்கு என்னடா அர்த்தம்?"னான்.

காசு குடுக்கும்போது நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். "பௌர்ணமி அன்னிக்கு நல்லா ஓடும் இல்லீங்கக்கா?"

"அன்னிக்குக் கடை இல்லீங்க தம்பி."

"ஏங்க்கா?"

"அன்னிக்கு யாரு காசு குடுத்துத் துன்னுவாங்க? நூறு அடிக்கு ஒரு அன்னதானம். இந்தக் கொட்டாய்க்கு எதுர்லயே மூணு பேரு பந்தல் போடுவாங்க. டீ ஓடும், சோறு ஓடாது. மொத ரெண்டு மாசம் ஆக்கி வெச்சுட்டு மாட்டுக்கு ஊத்துனேன். அப்புறம் வுட்டுட்டேன். மறுநாளும் கடை கெடையாது, கூட்டி வார்றதுக்கே ஒரு நாள் ஆவும். பொட்டலம் பொட்டலமாக் கெடக்கும் தம்பி. ரெண்டு வாய் துன்னுருப்பாங்க, மீதி அப்டியே கெடக்கும். ஒறவுக்காரங்க செத்தாக்கூட சோத்த ரோட்ல போடமாட்டாங்க."

சாதாரணமா, கோவமே இல்லாம சொன்னாங்க. பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க. எனக்குத்தான் தொண்டையில ஏதோ அடைச்சுது.

ஏன்னா அந்தப் பந்தல்ல ஒண்ணு என்னுது.

2012லேருந்து 2014 வரைக்கும், மூணு வருஷம், சித்ரா பௌர்ணமிக்கு ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து கிரிவலப் பாதையில அன்னதானம் போட்டோம். 600 பொட்டலம் புளியோதரை. டவுன்ல சமையல்காரரைப் பிடிச்சு, வேன் வெச்சு, பேனர் கட்டி. சரியா சொல்லணும்னா அந்த பேனர்ல என் மூஞ்சியும் இருந்துச்சு. ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் ஒரு ஸ்டிக்கர். அதுல 'உபயம்'னு போட்டு எங்க குரூப்போட பேர். எல்லாத்தையும் குடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் கூட ஆகலை. வேணாம் சாமின்னு சொன்னவங்க கையிலயும் திணிச்சோம். ஏன்னா தீரணுமே! தீர்ந்தாத்தானே நாம நடக்க ஆரம்பிக்க முடியும்?

மூணாவது வருஷம். நடந்துட்டு விடிகாலை நாலு மணி வாக்குல அதே இடத்துக்குத் திரும்பி வரேன். சாக்கடை ஓரமா வெள்ளையா ஒரு குவியல். டார்ச் அடிச்சுப் பார்த்தா, எங்க ஸ்டிக்கர். பிரிக்காம கிடந்தது, பாதி பிரிச்சது, ஒரு வாய் எடுத்தது, மிதிபட்டது. ஒரு நாய் மூஞ்சியை உள்ள விட்டு கடலைப்பருப்பை மட்டும் பொறுக்கிக்கிட்டிருந்தது. என் பேரை நானே சாக்கடையில பார்த்தேன். அடுத்த வருஷத்துலேருந்து போடலை. ஆனா ஏன் போடலைன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. வேலை ஜாஸ்தின்னு பொய் சொல்லித் தப்பிச்சேன். அந்தப் பொய்க்குத்தான் இந்தப் பதிவு.

சரி, இப்ப வரிசையா உங்க கேள்விகளுக்கு வரேன். எப்படியும் கேக்கத்தான் போறீங்க.

"அன்னதானத்தையே தப்புன்னு சொல்றியா? நீயெல்லாம்..."

இல்லீங்க. நான் சொல்றது நேர் எதிர். அன்னதானம்னா என்னன்னு இதே ஊர்ல ஒரு அம்மா வாழ்ந்து காட்டியிருக்காங்க. எச்சம்மாள்னு பேர். புருஷனையும் பெத்த பிள்ளைங்களையும் பறிகுடுத்துட்டு திருவண்ணாமலைக்கு வந்தவங்க. ரமணர் விருபாட்ச குகையில இருந்த காலத்துலேருந்து, 1945ல தான் சாகுற வரைக்கும், கிட்டத்தட்ட 38 வருஷம் தினமும் சமைச்சு எடுத்துட்டுப் போய் அவருக்குக் குடுத்துட்டுத்தான் தான் சாப்பிட்டாங்க. தினமும்! மழை வந்தாலும் வெயில் அடிச்சாலும் மலை ஏறி. அந்தச் சோத்துப் பாத்திரத்து மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததா எங்கயும் படிக்கலை.

இப்பவும் ரமணாசிரமத்துல தினமும் சாதுக்களுக்குச் சாப்பாடு போடறாங்க. 2002ல தமிழக அரசு கோயில்கள்ல அன்னதானத் திட்டம் ஆரம்பிச்சுது, பெரிய கோயில்ல இப்ப நாள் முழுக்கவே சாப்பாடு போடறாங்க. பசிக்கறவனுக்கு தினமும் பசிக்கும்னு தெரிஞ்சவங்க செய்யற வேலை அது. நாம செய்யறது அது இல்லை. சாதுவுக்கு மாசத்துல முப்பது நாளும் பசிக்குது. நமக்கு ஒரு ராத்திரிதான் புண்ணியம் தேவைப்படுது. அந்த ஒரு ராத்திரி அவர் முன்னாடி இருபது பொட்டலத்தை அடுக்கிட்டு வந்துடறோம். இருபதையும் அவர் என்ன பண்ணுவார், ஃப்ரிட்ஜ்ல வெப்பாரா?

"பஸ் ஏறி, புள்ளைகுட்டியோட ஏழை ஜனங்க வர்றாங்களே, அவங்க என்ன பண்ணுவாங்க?"

நியாயமான கேள்வி. இதை நான் ஒதுக்கிட்டுப் போக மாட்டேன். ராத்திரி பூரா நடக்கற குழந்தைக்குப் பசிக்கும். கையில காசில்லாம வர்றவங்க நிச்சயம் இருக்காங்க. அவங்களுக்குத் தண்ணி குடுங்க, மோர் குடுங்க, உக்காரவெச்சு இலை போட்டு சாப்பாடு போடுங்க. தீபம், சித்ரா பௌர்ணமி மாதிரி பெரிய நாட்கள்ல அன்னதானத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும், குறிச்சுக் குடுத்த இடத்துலதான் போடணும்னு மாவட்ட நிர்வாகம் சொல்லுது. அந்த இடத்துக்குப் போய் போடுங்க. உக்காரவெச்சுப் போட்டா பசிக்கறவன் மட்டும்தான் வந்து உக்காருவான். நடந்துபோறவன் கையில திணிச்சா பசிக்காதவன்தான் வாங்குவான், ஏன்னா சும்மா கிடைக்குது. எங்க 600 பொட்டலத்தை வாங்கினவங்கள்ல பாதிப் பேர் கார்ல வந்தவங்க, என்னை மாதிரி. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவங்க.

"பிளாஸ்டிக் இல்லாம பாக்குமட்டைத் தட்டுலதான் போடறோம், மட்கிடும்"

2019 ஜனவரி 1ஆம் தேதியிலேருந்து ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை. நல்ல விஷயம். ஆனா பாக்குமட்டை தானா எந்திரிச்சுக் குப்பைத்தொட்டிக்குப் போகாது. அது மட்கறதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் குனிஞ்சு பொறுக்கணும். புளிச்சுப்போன சோத்தோட, ஈ மொய்க்கறதோட. பொறுக்கறது நீங்களும் இல்லை, நானும் இல்லை. நாம மறுநாள் மத்தியானம் ஊர்ல குறட்டை விட்டுட்டிருப்போம். தூய்மைப் பணியாளர்கள் பொறுக்கறாங்க. அந்த அக்கா மாதிரி வீட்டு வாசல் வெச்சிருக்கறவங்க பொறுக்கறாங்க. நமக்குப் புண்ணியம், அவங்களுக்கு முதுகு வலி. இது என்ன கணக்கு?

"பௌர்ணமிக்குத்தானே பலன்?"

பலனைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனா எங்க அத்தையே சொல்லுவாங்க, ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு பலன், செவ்வாய்க்கிழமை சுத்தினா கடன் தீரும்னு. (இன்னும் தீரலை. வெய்ட்டிங்.) ரமணர் 1926 வரைக்கும் அடியார்களோட மலை சுத்திக்கிட்டிருந்தார். அவங்க பௌர்ணமி பார்த்துப் போகலை. சட்டி பானையோட கிளம்பி, அங்கங்க தங்கி, சமைச்சு சாப்பிட்டுட்டு நிதானமா வருவாங்க. சில சமயம் ரெண்டு மூணு நாள் கூட ஆகும். நிறைமாசக் கர்ப்பிணி நடக்கற மாதிரி மெல்ல நடக்கணும்னு பெரியவங்க சொல்றதும் இதுக்குத்தான். இப்ப நாம பார்க்கற இந்த லட்சக்கணக்கான பௌர்ணமிக் கூட்டம் 1990களுக்கு அப்புறம் பெருத்தது. நம்ம கண்ணு முன்னாடி வந்த வழக்கம்தான். நம்ம காலத்துல வந்ததை நாமளே கொஞ்சம் மாத்திக்கிட்டா சாமி கோவிச்சுக்க மாட்டார்.

அந்த ஒரு ராத்திரிக்காக அந்தப் பாதை என்னெல்லாம் பட்டிருக்குன்னும் யோசிங்க. 2016 வாக்குல ரோட்டை அகலப்படுத்த ஆரம்பிச்சு, மரத்துல கை வெச்சப்போ எதிர்ப்பு கிளம்பி, விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. கூட்டம் ஒரே நாள் வர்றதாலதானே ரோடு அகலமாகணும்? அதே கூட்டம் முப்பது நாளுக்குப் பிரிஞ்சு வந்தா மரமும் நிக்கும், ஊரும் மூச்சு விடும், கடையும் தினமும் ஓடும். 2024 மே மாசம் சென்னை பீச்லேருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரைக்கும் போன ரயிலைத் திருவண்ணாமலைக்கு நீட்டிச்சாங்க. ரயில் தினமும்தான் ஓடுது. நாமதான் பௌர்ணமிக்கு மட்டும் ஓடறோம்.

"ஊர்க்காரங்க அன்னிக்குத்தானே சம்பாதிக்கறாங்க? நீ கெடுக்கறியே?"

சில பேர் சம்பாதிக்கறாங்க, இல்லைன்னு சொல்லலை. டீ, தண்ணி பாட்டில், பொம்மை, வாடகைக்கு பாத்ரூம். ஆனா ரோட்டோரம் வரிசையா கடை போடறவங்கள்ல நிறைய பேர் வெளியூர்க்காரங்க, கூட்டம் போனதும் அவங்களும் போயிடுவாங்க. அந்த ஊர்லயே அடுப்பு மூட்டி, அந்த ஊர்லயே பிள்ளையைப் படிக்கவெக்கற ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, வருஷத்துலயே அதிகக் கூட்டம் வர்ற ராத்திரிகள்ல வியாபாரம் பூஜ்யம். ஏன்? வாசல்லயே நாம இலவசமா குடுக்கறோம். இதைவிட சுலபமா ஒரு கடையை மூடவெக்க யாராலயும் முடியாது.

இப்ப நான் சொல்ல வந்த மூல விஷயத்துக்கு வரேன். நமக்கு அடி அண்ணாமலைங்கறது ஒரு ஊராவே தெரியறதில்லை. வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவுல வர்ற ஒரு இடம், அவ்ளோதான். பாதி தூரம் வந்தாச்சுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு அடையாளம். அங்க பள்ளிக்கூடம் இருக்கு, ரேஷன் கடை இருக்கு, விடிஞ்சா பால் கறக்கணும், ராத்திரி பச்சைக் குழந்தை தூங்கணும்னு தோணறதே இல்லை.

அடி அண்ணாமலைன்னு இல்லை, மொத்த மலையையும் அப்படித்தான் பார்க்கறோம். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில மலை சரிஞ்சு, டவுன் பக்கம் வ.உ.சி. நகர்ல ஒரு வீடு மண்ணுக்குள்ள போச்சு. ஏழு பேர் செத்தாங்க, அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. 12 நாள் கழிச்சு, டிசம்பர் 13, தீபம். அந்த வாரம் என் பழைய ஆபீஸ் வாட்சப் குரூப்புல வந்த கேள்வி என்ன தெரியுமா? 'இந்த வருஷம் மலை ஏற விடுவாங்களா?' (விடலை, மண் உறுதியா இல்லைன்னு பக்தர்களுக்கு அனுமதி குடுக்கலை.) அந்தக் கேள்வியைக் கேட்டவங்க கெட்டவங்க இல்லீங்க. எல்லாரும் என்னோட சேர்ந்து புளியோதரைப் பொட்டலம் கட்டினவங்கதான். அவங்க கண்ணுக்கு மலை தெரியுது, மலையடியில இருக்கற வீடு தெரியலை. எனக்கும் ரொம்ப நாள் தெரியலை. ஒரு பெஞ்சுல உக்காந்து, ஒருத்தங்க கையால சாப்பிட்டு, அவங்களுக்குக் காசு குடுத்து, "பௌர்ணமிக்கு நல்லா ஓடுமா"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது.

அதனாலதான் சொல்றேன், அந்த எண்பது ரூபா முக்கியம். இலவசமா குடுக்கும்போது நாம மேல நிக்கறோம், வாங்கறவங்க கீழ நிக்கறாங்க. காசு குடுத்து சாப்பிடும்போது எதிரெதிர உக்காந்திருக்கோம். "குழம்பு இன்னும் கொஞ்சம்"னு கேக்கலாம், "உப்பு ஜாஸ்தி"ன்னு சொல்லலாம், "பையன் என்ன படிக்கறான்"னு விசாரிக்கலாம். பந்தல்ல நின்ன மூணு வருஷத்துல அந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கிட்டயும் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒரு மத்தியானச் சாப்பாட்டுல பேசினேன்.

சரி, தானம் பண்ண வழி சொல்றேன்னேன் இல்லையா? கணக்கு போட்டோம், ஆடிட்டர் கூட இருக்கும்போது கணக்கு போடாம முடியுமா! 600 பொட்டலம், ஒண்ணு 20 ரூபான்னு வெச்சாலும் 12,000 ரூபா. எண்பது ரூபா சாப்பாடுன்னா அது 150 சாப்பாடு. ஒரு நாளைக்கு அஞ்சு பேர் வீதம் 30 நாள் சாப்பிடலாம். ஒரு ராத்திரி சாக்கடைக்குப் போன காசு, அஞ்சு பேருக்கு ஒரு மாசத்து மத்தியானம்.

உடனே அந்த அக்காகிட்ட போய், அஞ்சு பேருக்கு நாங்க காசு குடுத்துடறோம், தினமும் வயசானவங்களுக்குப் போடுங்கன்னு சொன்னோம். நாங்க ஏதோ பெரிய மனுஷங்க மாதிரி நின்னுக்கிட்டிருக்கோம். அவங்க கையைத் துடைச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"அஞ்சு வாணாம் தம்பி. என்னால தெனம் சரியாப் பாத்துக்க முடியாது. ரெண்டு பேரு வெச்சிக்கலாம். கோயிலாண்ட ஒரு கெழவி கீது, இன்னொருத்தரு கண்ணு தெரியாதவரு. யாருன்னு நானே பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, பேரெல்லாம் எழுதி ஒட்டக்கூடாது. போட்டோ புடிக்கக் கூடாது. அவங்களுக்கு யார் காசுன்னும் சொல்லமாட்டேன்."

ஸ்டிக்கர் கதை அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லை. ஆனா அந்த 'ஒட்டக்கூடாது'ங்கற வார்த்தை என் மூஞ்சியில வந்து ஒட்டிக்கிச்சு.

ரெண்டு பேர், எண்பது ரூபா, முப்பது நாள். 4,800 ரூபா. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 1,200. ஆடிட்டர் ரசீது கேக்கலை, அதுவே அண்ணாமலையார் செஞ்ச அதிசயம் :-)

இதை நான் பெருமைக்கு எழுதலை. (எழுதினதே பெருமைதானேன்னு கேட்டா, ஆமாம், கொஞ்சம். மன்னிச்சுக்குங்க.) உங்கள்ல வருஷா வருஷம் பந்தல் போடறவங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். போன சித்ரா பௌர்ணமிக்குப் போட்ட படங்களையும் பார்த்தேன். நல்ல மனசோட செய்யறீங்க, நானும் நல்ல மனசோடதான் செஞ்சேன். நல்ல மனசு மட்டும் போதும்னா அந்த நாய்க்குப் பருப்பு கிடைச்சதோட கதை முடிஞ்சிருக்கும்.

அடுத்த தடவை பேனருக்கு ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடுங்க. நாலு பேரா போங்க. வண்டியை அடி அண்ணாமலையில நிறுத்திட்டு, இடது ஓரமா, மெதுவா ஒரு சுத்து வாங்க. பசியோட திரும்பி வந்து ஏதாவது ஒரு கொட்டாய்ல உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிட்டு முடிச்சுட்டு, நான் கேட்ட அதே கேள்வியை அவங்ககிட்ட கேளுங்க. பௌர்ணமிக்கு நல்லா ஓடுமான்னு. அவங்க பதிலைக் கேட்டதுக்கு அப்புறமும் பொட்டலம் போடணும்னு தோணிச்சுன்னா போடுங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்.

பி.கு: கடை எங்க இருக்குன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எல்லாரும் அதே கடைக்குப் போய் நின்னா அது இன்னொரு பௌர்ணமி ஆயிடும். அந்த ஊர்ல இன்னும் கடைங்க இருக்கு. வாசல்ல புகை வருதான்னு பாருங்க, உள்ள போங்க.